உங்களுக்குத் தெரியுமா? திரையில் பூதம், எதிரே நாம்

கடலுக்குள்ளிருந்து ஒரு பூதம் வருகிறது. நகரம் இடிகிறது. உயிர் தப்ப ஓடுகிறவர்களில் ஒருவன் கையில் வீடியோ கமரா. அவன் எடுத்த பதிவு பிறகு யாரிடமோ அகப்பட்டு நமக்குக் காட்டப்படுகிறது. 'கண்டெடுத்த காணொளி' வகைப் படங்கள் இப்படித்தான் கதை சொல்கின்றன. அவற்றையும் அவற்றின் உறவுக்காரப் படங்களையும் பார்த்தவர்கள் அலறியது, அழுதது, ஆத்திரப்பட்டது பற்றிய துணுக்குகள் இவை. நியூயோர்க்கில் தொடங்கி, உலகைச் சுற்றி, நம் மாத்தளை மாவட்டத்துக்கு வந்து சேர்வோம்.

● பெயர் இல்லாத முன்னோட்டம்

2007 ஜூலையில் 'ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்' பார்க்கப் போன அமெரிக்க ரசிகர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. முன்னோட்டத்தில் ஒரு விருந்து வீடு; ஆடிக்கொண்டேயிருக்கும் கைக்கமரா; வெளியே பெரும் வெடிச்சத்தம்; சுதந்திரதேவி சிலையின் தலை பறந்து வந்து தெருவில் விழுகிறது. கடைசியில் படத்தின் பெயரைக் காணோம். தயாரிப்பாளர் ஜே.ஜே. ஏப்ரம்ஸின் பெயரும் 2008 ஜனவரி 18 என்ற திகதியும்தான் வந்தன. என்ன படம், என்ன மிருகம் என்று ஆறு மாதம் ரசிகர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். மாட் ரீவ்ஸ் இயக்கிய 'குளோவர்ஃபீல்ட்' பிறந்த கதை இது.

● தலை சின்னதாக இருக்கிறதே!

அந்த முன்னோட்டத்தில் சிலையின் தலை உண்மையான அளவுக்குத்தான் செய்யப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் விடவில்லை. சுதந்திரதேவியின் தலை இவ்வளவு சிறிதாகவா இருக்கும் என்று குறைப்பட்டார்கள். படம் வெளிவந்தபோது தலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக்கப்பட்டிருந்தது. கண்ணால் கண்ட அளவைவிட மனதில் பதிந்த அளவையே மக்கள் நம்பினார்கள். படக்குழுவும் அதற்கு இணங்கிப்போனது.

● வாசலிலேயே எச்சரிக்கை

'குளோவர்ஃபீல்ட்' ஓடிய அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் ரிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். படம் முழுக்கக் கமரா ஆடும், தலைசுற்றலும் குமட்டலும் வரலாம் என்பது அதன் சாரம். 85 நிமிடப் படம்தான். ஆனாலும் பாதியில் எழுந்து வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றவர்கள் இருந்தார்கள். பூதத்தைவிடக் கமராதான் அவர்களைப் படுத்தியது.

● ஏன் தலை சுற்றுகிறது?

நம் காதின் உட்பகுதியில் உடல் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. திரையில் கமரா ஓடும்போது 'நானும் ஓடுகிறேன்' என்று கண் சொல்கிறது. 'இல்லை, நீ கதிரையில்தான் இருக்கிறாய்' என்று காது சொல்கிறது. இரண்டு செய்தியும் முட்டிக்கொள்ள, மூளை தடுமாறுகிறது. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறும் பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் வயிற்றைப் பிரட்டுமே, அதற்கும் இதுதான் காரணம். அங்கே உடம்பு வளைவை உணர்கிறது. கண்ணோ அசையாத எழுத்தைப் பார்க்கிறது. இத்தகைய படத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்காருங்கள். தலை சுற்றினால் திரையின் ஓரத்தையோ அசையாத வேறு ஒன்றையோ கொஞ்சநேரம் பாருங்கள்.

● ஒரு கெசட்டில் இரண்டு கதை

'குளோவர்ஃபீல்ட்' கதைப்படி, இரண்டு காதலர்கள் ஒரு மகிழ்ச்சியான நாளை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த கெசட்டின் மேல்தான் பூதத்தின் தாக்குதலும் பதிவாகிறது. நடுநடுவே பழைய பதிவின் துண்டுகள் எட்டிப் பார்க்கும். நகரம் எரியும்போது சட்டென்று இருவரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கண்டெடுத்த பதிவு என்பதால் படம் ஓடும்போது பின்னணி இசை இல்லை. மைக்கல் ஜியாக்கீனோவின் இசை கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போதுதான் கேட்கும்.

● அந்தப் பூதம் ஒரு குழந்தை

மிருகத்தை வடிவமைத்தவர் நெவில் பேஜ். அது பிறந்து அதிக காலம் ஆகாத குட்டி. தாயைப் பிரிந்து பயந்துபோய்த்தான் இப்படி ஆர்ப்பாட்டம் செய்கிறது என்பது படக்குழுவின் கற்பனை. படத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிறகு தெரிந்துகொண்ட ரசிகர்கள் இரண்டாம் முறை பார்த்தபோது, பயத்தோடு இரக்கமும் சேர்ந்துகொண்டது.

● முதல் வாரம் நெரிசல், மறுவாரம் வெறுமை

சுமார் 25 மில்லியன் டொலரில் எடுத்த படம், அமெரிக்காவில் முதல் மூன்று நாளிலேயே 40 மில்லியனை அள்ளியது. ஜனவரி மாத வெளியீட்டுக்கு அன்று அது சாதனை. ஆனால் இரண்டாம் வார இறுதியில் வசூல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. பூதத்தை முழுசாகக் காட்டவில்லை, முடிவு முடிவாகவே இல்லை என்று ஒரு கூட்டம் கோபப்பட்டது. அதுதான் படத்தின் பலம் என்று இன்னொரு கூட்டம் வாதாடியது. உலகம் முழுவதுமாக வசூல் 170 மில்லியன் டொலரைத் தாண்டியது.

● தூசி மேகம்

கட்டடம் சரிகிறது, தெரு முழுவதும் சாம்பல்நிறத் தூசி உருண்டு வருகிறது, மக்கள் கடைக்குள் ஓடி ஒளிகிறார்கள். 2001 செப்டெம்பர் 11ஐக் கண்ட நியூயோர்க்வாசிகளுக்கு இந்தக் காட்சி வெறும் சினிமா அல்ல. ஆறாத காயத்தைக் கிளறிக் காசு பார்க்கிறார்கள் என்று சில விமர்சகர்கள் கொதித்தார்கள். அந்தப் பயத்தை வெளியே கொண்டுவர ஒரு வழி கிடைத்தது என்று வேறு சிலர் வரவேற்றார்கள். பயத்தில் பாதிதான் திரையில் இருக்கிறது. மீதியைப் பார்ப்பவர் தன் வாழ்க்கையிலிருந்து கொண்டுவருகிறார்.

● அழுதுகொண்டே வெளியேறிய ஜப்பானியர்

1954 நவம்பர் 3இல் வந்த 'கொட்ஸில்லா'வை இன்று பிள்ளைகள் பொம்மைப் படமாகப் பார்க்கிறார்கள். அன்று டோக்கியோவில் அப்படியில்லை. ஹிரோஷிமா, நாகசாகி நடந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே 1954 மார்ச்சில், அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. படகிலிருந்தவர்கள் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழும் பூதத்தை இயக்குநர் இஷிரோ ஹொண்டா திரையில் காட்டியபோது கண்ணீரோடு வெளியேறியவர்கள் பலர். ஏறத்தாழ 96 இலட்சம் ரிக்கெட் விற்றது.

● கூச்சலிட அனுமதி உண்டு

2016இல் ஜப்பானில் வந்த 'ஷின் கொட்ஸில்லா'வுக்கு, பார்வையாளர்கள் சத்தம் போட்டு ஆரவாரிக்கலாம் என்று தனிக் காட்சிகள் வைத்தார்கள். திரையரங்கில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காத நாட்டில் அது புதுமை. 2011 மார்ச்சின் நிலநடுக்கம், சுனாமி, புகுஷிமா அணுஉலை விபத்து மூன்றையும் அந்தப் படத்தில் மக்கள் கண்டார்கள். கூட்டம்மேல் கூட்டம் போட்டும் முடிவெடுக்கத் திணறும் அதிகாரிகளைக் கண்டு சிரித்தார்கள்; பொறுமையாக வேலை பார்க்கும் சின்ன உத்தியோகத்தர்களுக்குக் கைதட்டினார்கள்.

● பட்டப்பகலில் வந்த பூதம்

2006இல் தென்கொரியாவில் பொங் ஜூன்-ஹோ எடுத்த 'த ஹோஸ்ட்', மிருகத்தை ஒளித்து வைக்கவில்லை. படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஹன் ஆற்றங்கரையில் நல்ல வெயிலில் அது மக்களைத் துரத்துகிறது. ஒரு அமெரிக்க இராணுவத் தளத்திலிருந்து இரசாயனத் திரவம் வடிகாலில் ஊற்றப்பட்ட 2000ஆம் ஆண்டுச் சம்பவமே கதைக்கு வித்து. உள்நாட்டில் மட்டும் ஒரு கோடியே முப்பது இலட்சம் பேர் பார்த்தார்கள்.

● அனுதாபக் கடிதங்கள்

1999இல் 'த ப்ளேர் விட்ச் ப்ரொஜெக்ட்' வந்தபோது, காட்டில் காணாமற்போன மூன்று மாணவர்களின் உண்மைப் பதிவு என்றே பலர் நம்பினார்கள். நடிகர்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். 'காணவில்லை' என்று துண்டுப்பிரசுரமும் கொடுக்கப்பட்டது. உயிரோடு இருந்த நடிகை ஹெதர் டொனஹியூவின் தாயாருக்கு ஆறுதல் அட்டைகள் வந்து சேர்ந்தன. கதை நடப்பதாகச் சொன்ன மேரிலாந்தின் பேர்கிட்ஸ்வில் என்ற சிற்றூருக்கு ரசிகர்கள் படையெடுத்து ஊர்ப் பெயர்ப்பலகைகளையே கழற்றிக்கொண்டு போனார்கள். சில பத்தாயிரம் டொலரில் படமாக்கியது; வசூல் 240 மில்லியன் டொலருக்கு மேல். நிம்மதியைப் பறிகொடுத்தது அந்த ஊர்.

● 'செத்தவர்களைக் கூட்டி வாருங்கள்'

இந்த வகைக்கு முன்னோடி 1980இல் இத்தாலியர் ருஜெரோ தெயோதாத்தோ எடுத்த 'கனிபல் ஹொலோகோஸ்ட்'. நடிகர்களை உண்மையாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகத்தில் மிலானோவில் படம் முடக்கப்பட்டது. இயக்குநர் மீது வழக்குப் பாய்ந்தது. சிறிது காலம் வெளியே தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களோடு அவர் ஒப்பந்தம் போட்டிருந்ததே வினையானது. கடைசியில் அவர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டவேண்டி வந்தது. ஆனால் படப்பிடிப்பில் விலங்குகள் நிஜமாகவே கொல்லப்பட்டன. அந்தக் கொடுமைக்கு எழுந்த கண்டனம் இன்றுவரை ஓயவில்லை, ஓயவும் கூடாது.

● விளம்பரத்தில் பூதம் இல்லை, பார்வையாளர்கள்தான்

வெறும் 15,000 டொலரில் ஓரன் பெலி தன் வீட்டிலேயே எடுத்த 'பெரநோர்மல் அக்டிவிட்டி' 2009இல் பெரிய அளவில் திரைக்கு வந்தது. அதன் முன்னோட்டத்தில் பேயைவிட அதிகம் காட்டப்பட்டது, இருட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம். இருட்டிலும் பதியும் கமராவில் அவர்கள் துள்ளி விழுவதும், முகத்தைப் பொத்துவதும், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிப்பதும் தெரிந்தன. பார்வையாளரின் முகமே விளம்பரமானது. உலக வசூல் 190 மில்லியன் டொலரைத் தாண்டியது.

● வானொலியில் வந்த படையெடுப்பு

1938 ஒக்டோபர் 30 இரவு, செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியில் இறங்கிவிட்டார்கள் என்ற நாடகத்தை ஓர்சன் வெல்ஸ் செய்தி அறிக்கை பாணியில் ஒலிபரப்பினார். அமெரிக்காவே வீதிக்கு ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. பயந்து தொலைபேசி எடுத்தவர்கள் இருந்தது உண்மை. நாடே ஓடியது என்பது மிகை. அந்த நேரத்தில் பெரும்பாலான நேயர்கள் வேறு நிலையத்தின் நகைச்சுவை நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

● பிள்ளைகள் மனதில் தங்கிய இரவு

1992 ஒக்டோபர் 31 அன்று பிபிசி 'கோஸ்ட்வொட்ச்' என்ற பேய்க்கதையை நேரடி ஒளிபரப்புப் போலக் காட்டியது. திரையில் வந்தவர்கள் மக்களுக்கு நன்றாகப் பழக்கமான, நம்பிக்கையான அறிவிப்பாளர்கள். ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியில் முறையிட்டார்கள். அதைப் பார்த்து நீண்டகாலம் பயத்தில் தவித்த இரண்டு பத்து வயதுச் சிறுவர்களைப் பற்றி 1994இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. 'இது கதைதான்' என்று பெரியவர்கள் பக்கத்திலிருந்து சொல்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

● ரயில் வந்தது, யாரும் ஓடவில்லை

1896இல் லூமியேர் சகோதரர்கள் ரயில் வரும் காட்சியைத் திரையிட்டபோது பாரிஸ் மக்கள் பதறி ஓடினார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அன்றைய பதிவுகளைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அப்படி ஒரு கலவரம் நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாத்தளைக்கு உண்மையான ரயிலே அதற்கு முன் வந்துவிட்டது. கண்டி–மாத்தளைப் பாதை திறக்கப்பட்டது 1880இல்.

● கைதிகளுக்குக் காட்டிய பைஸ்கோப்

இலங்கையில் முதல் திரையிடல் 1901இல் நடந்ததாகத் திரை வரலாறு சொல்கிறது. பார்த்தவர்கள் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும், தென்னாபிரிக்காவிலிருந்து இங்கே சிறைவைக்கப்பட்டிருந்த போயர் போர்க் கைதிகளும். காட்டப்பட்டதில் போயர்களைப் பிரித்தானியா வென்ற காட்சியும் இருந்ததாம். தோற்றவர்களுக்கே அவர்களுடைய தோல்வியைத் திரையில் காட்டினால் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நம் தீவின் முதல் பார்வையாளர்கள் அந்த வேதனையோடுதான் சினிமாவைச் சந்தித்தார்கள்.

● தேயிலைத் தோட்டத்தில் யானைப் படை

பூதத்துக்குப் பதில் யானைக் கூட்டம் என்றால் நம் நாட்டுக்கே ஒரு பேரழிவுப் படம் உண்டு. 1954இல் வந்த 'எலிஃபன்ட் வோக்'. இலங்கைத் தோட்டத் துரை ஒருவர் யானைகளின் வழித்தடத்தை மறித்துப் பங்களா கட்டுகிறார். முடிவில் யானைகள் மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. பங்களா தீப்பிடித்து எரிகிறது. நாயகியாக முதலில் நடித்த விவியன் லீ நோயுற்றதால் எலிசபெத் டெய்லர் அந்த இடத்துக்கு வந்தார். இலங்கையில் எடுத்த சில தூரக் காட்சிகளில் இன்றும் தெரிவது விவியன் லீதான்.

● கலேவெலயில் பார்த்தால் வேறு படம்

அதே காட்சியை இலண்டனில் பார்த்தவருக்கு அது வேடிக்கை. கலேவெல, தம்புள்ளை, சீகிரியாப் பக்கத்துக் கமக்காரருக்கு அது நேற்றிரவு நடந்தது. யானை வெடி, மின்வேலி, காவல் பரண் என்றே அங்கே பல குடும்பங்களின் இரவுகள் கழிகின்றன. அண்மை ஆண்டுகளில் மனித–யானை மோதலில் நாடு முழுவதும் ஆண்டொன்றுக்கு 100க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறக்கிறார்கள். 300க்கும் மேற்பட்ட யானைகள் மடிகின்றன. வழித்தடத்தை மறித்துக் கட்டினால் என்ன நடக்கும் என்பதை 1954இல் ஹொலிவூட் சொன்ன பிறகும் நாம் மறித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

● மலைநாட்டுத் தொங்குபாலமும் அமெரிக்கத் திரைத்தரமும்

'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தின் தொங்குபாலக் காட்சி 1983இல் எடுக்கப்பட்டது கண்டிக்குப் பக்கத்தில், விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில். இந்திய அரசு கதையை ஏற்காததால் படக்குழு இங்கே வந்தது. 1984 மே மாதம் படம் வந்ததும், இதயத்தைப் பிடுங்கும் காட்சியைக் கண்டு பெற்றோர் கொதித்தார்கள். அந்தப் படமும் 'கிரெம்லின்ஸ்' படமும் கிளப்பிய எதிர்ப்பால், 13 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் 'பிஜி-13' என்ற புதிய தரம் 1984 ஜூலை 1இல் அமெரிக்காவில் பிறந்தது. பிறகு 'குளோவர்ஃபீல்ட்'டுக்குக் கிடைத்ததும் அதே தரம்.

● தம்புள்ளைக் கூரையில் பூதப் படை

சினிமாவுக்கு நூறாண்டுக்கு மேல் முந்திய பூதக் காட்சி மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. தம்புள்ளைக் குகை விகாரைகளில் இரண்டாவது குகைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். தியானத்தில் இருக்கும் புத்தரைத் தீய சக்தியான மாரனின் படை சூழ்ந்து தாக்குகிறது. கோரமுகங்கள், ஓங்கிய ஆயுதங்கள். பாறை எப்படி வளைகிறதோ ஓவியமும் அப்படியே வளைந்து தலைக்கு மேல் கவிகிறது. கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்க வேண்டும். இன்று காணும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் கண்டிப் பாணி.

● அலுவிகாரையின் நரகம்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏ-9 வீதியில் இருக்கிறது அலுவிகாரை. பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்ட இடம் என்று போற்றப்படுகிறது. அங்கே ஒரு குகையில் நரக தண்டனைகள் ஓவியமாகவும் சிலையாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. செய்த தீமைக்கு இன்ன தண்டனை என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். பள்ளிச் சுற்றுலாவில் வரும் சிறுவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு, விரல் இடுக்கால் பார்ப்பார்கள். திகில் படத்தை நாம் பார்ப்பதும் அப்படித்தானே!

● சுவரில் எழுதிய விமர்சனம்

பார்வையாளர் கருத்தைப் பதிந்து வைத்ததில் சீகிரியாவுக்கு நிகர் இல்லை. மன்னன் காசியப்பன் காலத்து ஓவியங்களைக் காண ஏறியவர்கள், வழவழப்பான கண்ணாடிச் சுவரில் தங்கள் மனதில் பட்டதைச் செய்யுளாகக் கீறிவைத்தார்கள். ஓவியப் பெண்களைக் கண்டு மயங்கியவர்கள், அவர்கள் பேசவில்லையே என்று ஏங்கியவர்கள், சிங்க வாயிலைக் கண்டு வியந்தவர்கள் என்று பலரும் அதில் உண்டு. எழுதியவர்களில் துறவிகளும் அதிகாரிகளும் பெண்களும் இருக்கிறார்கள். பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பேராசிரியர் செனரத் பரணவிதான 685 செய்யுள்களை வாசித்து 1956இல் நூலாக்கினார். இன்று அங்கே கீறுவது சட்டப்படி குற்றம். மீதமுள்ளதைக் காப்பது நம் கடமை.

● கூத்தில் அழும் தோட்டம்

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். காமன் ஊன்றிய நாளிலிருந்து தோட்டமே கூத்தோடு வாழும். தப்புச் சத்தம் உச்சத்துக்கு ஏற, வீரபத்திரனும் காளியும் எமனும் ஆடிக்கொண்டு வருவார்கள். சிறுவர்கள் தாயின் சேலைக்குள் ஒளிவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததும் ரதி புலம்புவாள். சுற்றி நிற்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவையும் நினைத்துச் சேர்ந்து அழுவார்கள். யார் நடிகர், யார் பார்வையாளர் என்று அந்த நேரத்தில் பிரிக்க முடியாது. எந்தக் கண்டெடுத்த காணொளிப் படமும் இந்த நெருக்கத்தை எட்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

● கண்ணாடியும் கண்நோயும்

இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் 1984இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்'. திரையிலிருந்து நீட்டப்படும் பண்டத்தைப் பிடிக்கப் பிள்ளைகள் கையை நீட்டினார்கள். படத்துக்குக் கொடுக்கும் கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' தொற்றும் என்ற வதந்தியும் கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகள் சுத்திகரிக்கப்படுகின்றன என்று விளக்கித் தனிக் குறும்படமே காட்டவேண்டி வந்தது.

● கடல் இல்லாத மாவட்டமும் கண்ட கடல்

2004 டிசெம்பர் 26 சுனாமி இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாத்தளைக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் ஹோட்டல் மாடிகளில் நின்றவர்கள் கைக்கமராவில் எடுத்த ஆடும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். 'ஓடு, ஓடு' என்று கமராவுக்குப் பின்னால் கேட்ட குரல்கள் கதை அல்ல. கமல்ஹாசனின் 'தசாவதாரம்' சுனாமியை உச்சக் காட்சியாக்கி வந்ததும், கடலிலிருந்து பூதம் ஏறும் 'குளோவர்ஃபீல்ட்' வந்ததும் ஒரே 2008இல். நம்மவர்கள் இரண்டையும் வெறும் கிராஃபிக்ஸாகப் பார்த்திருக்க முடியாது.

● கையில் இருக்கும் கமரா

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டபோது, மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவும் வெள்ளமும் பெரும் நாசம் செய்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என்ன நடக்கிறது என்பதை உலகத்துக்கு முதலில் காட்டியதில் சாதாரண மக்களின் கைத்தொலைபேசிக்குப் பெரும் பங்கு உண்டு. இதில் ஒரு கடமையும் இருக்கிறது. அழுகிறவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் பகிராதீர்கள். பழைய வீடியோவைப் புதியது என்று அனுப்பாதீர்கள். மண் சரியத் தொடங்கினால் படம் எடுக்க நிற்காதீர்கள். குளோவர்ஃபீல்டின் கமராக்காரனும் தப்பவில்லை.

● நம் கதையைச் சொன்ன திரை

தோட்ட மக்களைத் திரையில் காட்டிய படங்கள் கொஞ்சம்தான். 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் வி.பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று'க்குத் தெளிவத்தை ஜோசப் எழுதினார். நம் ஊரின் நாடகக் கலைஞர் மாத்தளை கார்த்திகேசு 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி'யைத் தயாரித்தார். மெட்ராஸ் படங்களின் வெள்ளத்துக்கு நடுவே கைக்காசைக் கொட்டி எடுத்த படங்கள் இவை.

● கண்டெடுக்க முடியாத காணொளி

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த, திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்களின் நெகடிவ்களும் அதோடு போயின. திரைப்பட இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அமெரிக்கர்கள் கற்பனைப் பேரழிவு ஒன்றின் பதிவைக் 'கண்டெடுத்தோம்' என்று படம் காட்டுகிறார்கள். நமக்கு நேர்ந்ததோ மெய்யான பேரழிவு. நாம் தொலைத்ததும் மெய்யான பதிவு.

● நீங்கள் செய்யக்கூடியது

1970களின் இறுதியில் இலங்கையில் 350க்கும் மேற்பட்ட படமாளிகைகள் இருந்தன. பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. அங்கே கலரியில் உட்கார்ந்து விசிலடித்தவர்கள், அழுதவர்கள், பயந்து வெளியே ஓடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். எல்கடுவ, உக்குவெல, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் அவர்களைப் பார்க்கலாம். உங்கள் அப்பாயி, அம்மாயி, தாத்தாவிடம் கேளுங்கள்: முதலில் பார்த்த படம் எது, எந்தத் தியேட்டர், ரிக்கெட் எவ்வளவு, யாரோடு போனீர்கள், எந்தக் காட்சியில் பயந்தீர்கள்? பேசுவதைத் தொலைபேசியில் பதியுங்கள். கோப்பின் பெயரில் திகதியையும் ஊரையும் போடுங்கள். ஒரு பிரதியை வேறு இடத்திலும் வையுங்கள். நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வரலாறு எழுத ஆள் உண்டு. பார்த்தவர்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும். இந்த ஞாயிறே தொடங்கலாம்.